சூறாவளி என்னும் சொல்லும் சுழற்காற்றில் போகும் உயிர்களும்

முன்னுரை

காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. உழவும் கடலோட்டமும் காற்றை நம்பி நடந்த காலத்தில் இந்தப் பெயர்கள் வெறும் அழகுக்காகப் பிறந்தவை அல்ல. எந்தக் காற்று மழை கொண்டுவரும், எந்தக் காற்றில் பாய் விரிக்கலாம் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடும் அறிவுப் பெட்டகங்கள் அவை.

இன்று அதே மொழியில் நாம் ஒரு செய்தியைப் படிக்கிறோம்: ‘சூறாவளி தாக்கி வீடுகள் சேதம்.’ இச்செய்தி எதைச் சொல்கிறது? இரண்டு நாள்களுக்கு முன்பே துணைக்கோளப் படத்தில் தெரிந்து, நானூறு கிலோமீட்டர் அகலத்தில் நகர்ந்து வந்த பெரும்புயலையா? அல்லது ஒரு தெருவை மட்டும் பெயர்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் மறைந்துபோன சுழலையா? தமிழ்ச் செய்தியைப் படிப்பவரால் பெரும்பாலும் இதைப் பிரித்தறிய முடிவதில்லை. இவ்விரண்டிலிருந்தும் தப்பிக்கும் வழிகளோ வேறு வேறு.

இக்கட்டுரை மூன்று கேள்விகளுக்கு விடை தேட முனைகிறது. சுழற்காற்று என்பது என்ன? அது எவ்வாறு உயிர்களைக் கொல்கிறது? பாயான் பாரு போன்ற ஒரு குடியிருப்பில் வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இம்மூன்றையும் ஆராயும்போது, ஒரு சொல் சரியாக இருப்பதும் இல்லாதிருப்பதும் உயிரோடு தொடர்புடையது என்பது தெளிவாகும்.

ஒரே சொல், பல காற்றுகள்

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘வளி’ என்பது காற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வளிமண்டலம் என்ற இன்றைய கலைச்சொல்லிலும் அது வாழ்கிறது. ‘சூறை’ என்பதற்குச் சுழன்று அடிக்கும் காற்று என்றும் கொள்ளை என்றும் பொருள் உண்டு. சூறையாடுதல் என்று நாம் சொல்வது இதனால்தான். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் காற்று சூறாவளி. சொல்லின் உடலைப் பார்த்தால் அது சிறிய, வேகமான, சுழலும் காற்றுக்கே மிகப் பொருந்துகிறது.

ஆனால் வழக்கு வேறு வழியில் சென்றுவிட்டது. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் பெரும்புயல். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கி, ஏறத்தாழ ஆயிரம் பேரின் உயிரைப் பறித்த பேரிடரை அம்மக்கள் இன்றும் ‘சூறாவளி’ என்றே நினைவுகூர்கின்றனர். இதனால், ஓரிரு கிராமங்களை மட்டும் தாக்கும் சிறிய காற்றைக் குறிக்க இலங்கை ஏடுகள் ‘மினி சூறாவளி’ என்று எழுத வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டிலோ பெரும்புயலுக்குப் ‘புயல்’ என்பதே பெயர். தனுஷ்கோடிப் புயல், தானே புயல், கஜா புயல் என்று கூறுவர். அங்கு ‘சூறைக்காற்று’ என்றால், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கும்போது குறிப்பிடப்படும் பலத்த காற்று. புயல் என்னும் சொல்லும் பொருள் மாறி வந்ததே. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் புயல் என்பது மழையைக் குறிக்கிறது, அழிவைக் குறிக்கவில்லை.

மலேசியத் தமிழர்களாகிய நாம் இவ்விரு வழக்குகளையும் கலந்து பயன்படுத்துகிறோம். பிலிப்பீன்சைத் தாக்கிய பெரும்புயலும் சூறாவளி. அமெரிக்காவின் ஓக்லகோமாவில் வீசிய சுழலும் சூறாவளி. கெடாவில் நெல்வயலைக் கடந்த காற்றும் சூறாவளி. மலாய்மொழியில் இவ்வேறுபாடு தெளிவாக உள்ளது. பொதுவான புயலுக்கு ‘ரிபுட்’ என்றும், நிலத்தில் சுழலும் காற்றுக்குப் ‘பூத்திங் பெலியோங்’ என்றும், கடலில் தோன்றும் சுழலுக்குப் ‘பெலாலாய் ஆயிர்’ என்றும் கூறுவர். பெலியோங் என்பது வாய்ச்சி போன்ற வெட்டுக்கருவி. பெலாலாய் என்றால் தும்பிக்கை. வானிலிருந்து தொங்கும் சுழலைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர்கள் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

இக்கட்டுரையில் பொருள் குழம்பாதிருக்க, பெரியதைப் ‘புயல்’ என்றும், நிலத்தைத் தொட்டுச் சுழலும் சிறியதைச் ‘சுழற்காற்று’ என்றும், கடல்மேல் தோன்றுவதை ‘நீர்த்தூண்’ என்றும் குறிப்போம். ஆங்கில ஒலியில் டோர்னாடோ என்று நாம் கேள்விப்படுவது இந்தச் சுழற்காற்றையே.

சுழற்காற்று உருவாகும் முறை

புயல் கடலின் வெப்பத்தை உணவாகக் கொண்டு பல நாள் வாழ்வது. அதன் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பூமியின் சுழற்சியே அதற்குச் சுழலைக் கொடுக்கிறது. நிலநடுக்கோட்டின் அருகில் இவ்விளைவு மிகக் குறைவு. ஆகவேதான் வடக்கு அகலக்கோடு 5 பாகையையொட்டி அமைந்திருக்கும் பினாங்கைப் புயல்கள் நேரடியாகத் தாக்குவது மிக அரிது.

சுழற்காற்று அவ்வாறன்று. அது ஓர் இடிமேகத்தின் குழந்தை. பெரும்பாலும் அதன் அகலம் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஆயுள் பல நேரங்களில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. கீழே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று. மேலே குளிர்ந்த, உலர்ந்த காற்று. இந்நிலையில் கீழ்க்காற்று விரைந்து மேலெழுகிறது. தரைக்கு அருகில் ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையில் இன்னும் வேகமாகவும் காற்று வீசினால், இடையிலுள்ள காற்று உருளைக்கட்டைபோல் கிடைமட்டமாக உருளத் தொடங்கும். மேலெழும் காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிற்கவைக்கிறது. இப்போது மேகமே மெதுவாகச் சுழல்கிறது. அச்சுழல் குறுகிக் கீழிறங்கும்போது வேகம் கூடுகிறது. கைகளை விரித்துச் சுழலும் நடனமணி, கைகளை மார்போடு சேர்த்தவுடன் வேகமாகச் சுழல்வதும் இதே விதியின்படிதான்.

நீர்த்தூண்களில் பெரும்பாலானவை இத்தனை ஆற்றலைத் தேடுவதில்லை. இரு பக்கத்துக் காற்றுகள் கடல்மேல் சந்திக்கும் இடத்தில், வளர்ந்துவரும் மேகம் ஒன்று அச்சுழலை மேலே இழுத்தால் போதும். கடல்நீர் அப்படியே வானுக்கு உறிஞ்சப்படுகிறது என்பது பலரின் எண்ணம். உண்மையில் நாம் காணும் அந்தத் தூணின் பெரும்பகுதி, ஈரக்காற்று குளிர்ந்து உண்டான மேகத்துளிகளே. அடிப்பகுதியில் மட்டும் கடல்நீர் தெறிக்கிறது.

வேகத்தை அளந்த மனிதர்

சுழற்காற்றின் நடுவே கருவி வைத்து அளப்பது எளிதன்று, கருவியும் பறந்துவிடும். எனவே, அது விட்டுச்சென்ற அழிவைப் பார்த்து வேகத்தைக் கணிக்கும் அளவுகோலை 1971இல் உருவாக்கினார் ஜப்பானில் பிறந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தெத்சுயா புஜித்தா. புஜித்தா அளவுகோல் எனப்படும் அது சுழிநிலையிலிருந்து ஐந்துவரை செல்கிறது. 2007 முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் பயன்பாட்டில் உள்ளது. அதன்படி, மிகத் தாழ்ந்த நிலையின் வேகம் மணிக்கு 105 கிலோமீட்டரில் தொடங்குகிறது. மிக உயர்ந்த நிலையில் அது 320 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

புஜித்தாவின் வாழ்க்கையே ஒரு பாடம். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரண்டாவது அணுகுண்டுக்கு முதலில் குறிவைக்கப்பட்ட நகரம் அவர் வாழ்ந்த கொக்குரா. அந்நகரைப் பார்வையிலிருந்து மறைத்த மூட்டத்தால் குண்டு நாகசாக்கிமீது விழுந்தது. பின்னர் அவர் நாகசாக்கிக்கும் ஹிரோசிமாவிற்கும் சென்று அழிவின் வடிவத்தை ஆராய்ந்தார். மேலிருந்து இறங்கிய அதிர்ச்சி நட்சத்திர வடிவில் எல்லாத் திசையிலும் பரவியிருந்ததைக் கண்டார். பல்லாண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் புயலுக்குப் பின் மரங்கள் அதே நட்சத்திர வடிவில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது, இடிமேகத்திலிருந்து காற்று செங்குத்தாகத் தரையில் பாயும் என்ற முடிவுக்கு வந்தார். 1975இல் நியூயார்க்கில் நிகழ்ந்த விமான விபத்தை ஆராய்ந்து இதனை வலியுறுத்தினார். விமானங்கள் இன்று தரையிறங்கும்போது இவ்வகைக் காற்றிலிருந்து காக்கப்படுவதற்கு அவருடைய ஆய்வே அடித்தளம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

தடைசெய்யப்பட்ட ஒரு சொல்

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருவோம். சுழற்காற்று எங்கு அதிகம் வீசுகிறதோ அங்குதான் அதிகம் பேர் இறக்க வேண்டும் என்று நாம் எண்ணலாம். உண்மை அதுவன்று. உலகில் மிக அதிகமான சுழற்காற்றுகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200, வீசும் நாடு அமெரிக்கா. ஆனால், ஒரே சுழற்காற்றில் மிக அதிகமானோர் மாண்டது வங்காளதேசத்தில். இவ்விரு நாடுகளின் வரலாற்றையும் பார்ப்போம்.

1880களில் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையில் பணியாற்றிய ஜான் பின்லி என்பவர் நூற்றுக்கணக்கான சுழற்காற்றுகளின் விவரங்களைத் திரட்டி, அவை எப்போது வரக்கூடும் என்று முன்னறிவிக்க முயன்றார். ஆனால் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள், வானிலை முன்னறிவிப்பில் அச்சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று அதிகாரிகள் தடை விதித்தனர். மக்கள் பீதியடைவார்கள், காற்றினால் வரும் கேட்டைவிட பீதியினால் வரும் கேடே அதிகம் என்பது அவர்கள் கூறிய காரணம். இத்தடை 1938வரை நீடித்தது.

அந்தத் தடைக்காலத்தின் நடுவில், 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரு சுழற்காற்று கடந்தது. மூன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மொத்தம் 695 பேர் மாண்டனர். மர்பிஸ்போரோ என்னும் ஒரே நகரில் மட்டும் 234 பேர். டி சோட்டோ என்னும் சிற்றூரின் பள்ளியில் 33 பேர். அன்று காலை அம்மக்கள் கேட்ட முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை, இருக்கவும் முடியாது. மேலும், வந்தது பலர் எதிர்பார்த்த தும்பிக்கை வடிவில் இல்லை. தரையோடு உருண்டுவரும் கரும்புகைபோல் தோன்றியதால் பலர் அதனை அடையாளம் காணவே இல்லை. பெயரும் தெரியவில்லை, வடிவமும் தெரியவில்லை.

1948ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஓக்லகோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கி விமானங்களை நொறுக்கியது. அத்தளத்தின் வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் பாபுஷும் ராபர்ட் மில்லரும் அன்றைய வானிலை வரைபடங்களைத் துருவி ஆராய்ந்தனர். ஐந்தே நாள்களில், மார்ச் 25ஆம் நாள், அதே அமைப்பு மீண்டும் தோன்றியது. அவர்கள் துணிந்து எச்சரிக்கை விடுத்தனர். விமானங்கள் கட்டிவைக்கப்பட்டன; ஆள்கள் பாதுகாப்பான இடத்திற்கு நகர்த்தப்பட்டனர். அன்று மாலையே இரண்டாவது சுழற்காற்று தளத்தைத் தாக்கியது. உயிர்ச்சேதம் இல்லை. சுழற்காற்றை முன்னறிவிக்க முடியும் என்பதை உலகம் அன்று அறிந்தது. சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னதால் மக்கள் பீதியில் மாளவில்லை. பிழைத்தார்கள் என்பதையும் அறிந்தது.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறவும் இயலாது. 2011ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரில் ஏறத்தாழ 160 பேர் மாண்டனர். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. ஆனால் பலர் அதைக் கேட்டும் உடனே ஒளியவில்லை. சங்கு அடிக்கடி ஒலித்துப் பழகிவிட்டதால், வானத்தைப் பார்த்தும் தொலைக்காட்சியைப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளக் காத்திருந்தனர். ஆகவே, எச்சரிக்கை என்பது ஒலி மட்டுமன்று. கேட்பவர் நம்பிச் செயல்படும் அளவுக்கு அது தெளிவான பொருளைத் தர வேண்டும்.

சத்தூரியாவின் பாடம்

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் மாலை, வங்காளதேசத் தலைநகர் டாக்காவிற்கு மேற்கேயுள்ள மாணிக்கஞ்சு மாவட்டத்தில் தௌலத்பூர், சத்தூரியா ஆகிய பகுதிகளைச் சுழற்காற்று தாக்கியது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. காயமுற்றோர் பல்லாயிரம், வீடிழந்தோர் ஏறத்தாழ 80,000. உலக வரலாற்றில் பதிவான சுழற்காற்றுகளிலேயே அதிக உயிர்களைக் குடித்தது இதுதான்.

அமெரிக்காவில் 1925இல் வீசியதைவிட இது குறுகிய தொலைவையே கடந்தது. இருந்தும் இறப்பு ஏன் இருமடங்கு? காரணங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். முதலாவது, மக்கள் நெருக்கம். இரண்டாவது, வீடுகள். மூங்கிலும் தகரமும் கொண்டு எழுப்பப்பட்ட வீடுகளுக்குக் காற்றைத் தாங்கும் வலு இல்லை. மூன்றாவது, வீட்டின் கூரையே ஆயுதமாக மாறியது. பெயர்ந்து பறக்கும் தகரத் தகடு வாளுக்குச் சமம். நான்காவது, நிலவறையோ உறுதியான பொதுக் கட்டடமோ அருகில் இல்லை. ஐந்தாவது, முன்னெச்சரிக்கை இல்லை.

இந்த ஐந்தில் ஒன்றுகூட காற்றின் வேகத்தைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று இயற்கையின் வேலை. இறப்பின் எண்ணிக்கையை முடிவு செய்வதோ பெருமளவு மனிதரின் ஏற்பாடு. அமெரிக்காவிலும் இதே உண்மையைக் காணலாம். அங்கு சுழற்காற்றில் மாள்வோரில் பெரும்பங்கினர், அடித்தளத்தோடு பிணைக்கப்படாத நகரும் வீடுகளில் வாழும் எளியவர்கள். இரவில் வீசும் சுழற்காற்று பகலில் வீசுவதைவிட இருமடங்குக்கும் மேல் உயிரைக் கொல்ல வல்லது. ஏனெனில் உறங்குபவருக்கு எச்சரிக்கை எட்டுவதில்லை.

தமிழர் வாழ்விலும் இதற்குச் சான்றுகள் உள. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் தொடர்வண்டி கடலலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது புயல், சுழற்காற்று அன்று. அங்கு கொன்றது காற்றைவிடக் கடல்நீர். புயலுக்கு அஞ்சுபவர் கடலையும் ஆற்றையும் விட்டு மேட்டுக்குச் செல்ல வேண்டும். சுழற்காற்றுக்கு அஞ்சுபவர் தாழ்வான, உறுதியான உள்ளறைக்குள் ஒடுங்க வேண்டும். ஒன்றுக்கு மேடு, மற்றொன்றுக்குத் தாழ்வு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், கேட்பவர் எங்கே ஓடுவார்?

பினாங்கு கண்ட காற்றுகள்

நம் நாடு பாதுகாப்பான நாடு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் வரலாற்றை மறந்துவிடலாகாது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிரெக் என்னும் வெப்பமண்டலப் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியைத் தாக்கியதில் 230க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு 1.5 பாகை வடக்கே தோன்றி ஜொகூரில் கரையேறியது. அவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்ற பழைய நம்பிக்கை அன்று உடைந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவாகியது. சுமத்ராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

பினாங்கு மாநிலத்திலேயே சில நாள்களைக் குறிப்பிடலாம். 2013ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் மாலை வீசிய பலத்த காற்றில், மெக்காலிஸ்டர் சாலையில் உள்ள உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து இடிதாங்கி அமைப்பு பெயர்ந்து சாலையில் விழுந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் விடிய விடியப் பெய்த மழையும் காற்றும் எழுவரின் உயிரைக் கொண்டு சென்றன. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தஞ்சோங் தோக்கோங் கடற்பகுதியில் நீர்த்தூண் ஒன்று எழுந்தது. கடலோடு நின்றுவிடாமல் அது கரையேறியது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 50 கட்டடங்களின் கூரைகள் சேதமுற்றன. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இந்நிகழ்வைப் பலர் கைப்பேசியில் படம்பிடித்தனர். அக்காணொலிகளில் நாம் பார்ப்பது நீர்த்தூணை மட்டுமன்று. சன்னலோரத்திலும் மாடி முகப்பிலும் நின்றுகொண்டு, அது எதுவெனத் தெரியாமலேயே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களின் கண்களையும்தான்.

இவற்றைத் தவிர, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் இடிமேகக் கூட்டம் நீரிணையைக் கடந்து பின்னிரவிலோ விடியற்காலையிலோ மேற்குக்கரையைத் தாக்குவது வழக்கம். அது நேர்கோட்டில் வீசும் பலத்த காற்று, சுழற்காற்று அன்று. ஆனால் மரத்தைச் சாய்க்கவும், கூரையைப் பெயர்க்கவும், படகைக் கவிழ்க்கவும் அதற்கு வலு உண்டு.

பாயான் பாருவில் நாம் செய்யத்தக்கவை

பாயான் பாருவின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். அடுக்குமாடி வீடுகள், சந்தையைச் சுற்றிய அங்காடிக் கடைகள், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு விடியற்காலை வேலைமாற்றத்திற்கு மோட்டார்சைக்கிளில் விரையும் தொழிலாளர்கள், பத்து மாவோங், தெலுக் கும்பார் பக்கம் சிறு படகில் செல்லும் மீனவர்கள். சுமத்ரா காற்று வரும் விடியல் நேரமும் இவர்கள் சாலையிலும் கடலிலும் இருக்கும் நேரமும் ஒன்றே. ஆகவே, பின்வருவனவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டும்.

1. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சன்னலையும் மாடி முகப்பையும் விட்டு விலகி, சன்னல் இல்லாத உள்ளறைக்கோ குளியலறைக்கோ சென்று தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். படம்பிடிக்க நிற்பது உயிருக்கு உலை.

2. காற்றழுத்தம் சமமாகட்டும் என்று சன்னல்களைத் திறந்துவைப்பது தவறான நம்பிக்கை. திறந்த சன்னல் வழியே புகும் காற்று கூரையை மேல்நோக்கித் தள்ளும்.

3. மோட்டார்சைக்கிளில் செல்வோர் மரத்தடியிலும் விளம்பரப் பலகையின் கீழும் ஒதுங்கலாகாது. மேம்பாலத்தின் அடியில் சாலையோரமாக நிற்பதும் ஆபத்தே. எண்ணெய் நிலையத்தின் மேற்கூரை பெயரக்கூடியது. உள்ளே இருக்கும் கட்டடமே மேல்.

4. கடலில் நீர்த்தூணைக் கண்டால், அது நகரும் திசைக்குச் செங்குத்தாகப் படகைச் செலுத்தி விலக வேண்டும். அதனோடு போட்டியிட்டு முன்னால் ஓடுவது பயன் தராது.

5. திருமணம், கோயில் திருவிழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கு எழுப்பும் கூடாரங்களின் கால்களை எடைகொண்டு கட்டுவது ஏற்பாட்டாளர்களின் கடமை. பெயர்ந்து பறக்கும் கூடாரத்தின் இரும்புக்கால், சத்தூரியாவின் தகரத் தகட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

6. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கைகளைக் கவனிக்கப் பழக வேண்டும். அத்துறையின் மைசுவாச்சா செயலியைக் கைப்பேசியில் பதிவிறக்கிக் கொள்ளலாம். அவசர உதவிக்கு எண் 999.

மொழிக்கழகத்தின் பங்கு

இங்கு ஒரு கேள்வி எழலாம். இது வானிலை அறிஞரின் வேலையன்றோ? தமிழ்மொழிக் கழகத்திற்கு இதில் என்ன பங்கு?

எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. இளையோருக்கு அவை போதும். ஆனால் தமிழில் மட்டுமே தடையின்றிப் படிக்கும் பாட்டி, தாத்தா, தமிழகத்திலிருந்து வந்து இங்கு உணவகத்தில் வேலை செய்யும் தம்பி ஆகியோருக்கு அந்த எச்சரிக்கை யார் வாய்வழியாகப் போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் நம் வாய்வழியாகத்தான். பல்கலைக்கழகத்தில் பயிலும் பேரனோ பேத்தியோ, ‘பாட்டி, ஏதோ சூறாவளியாம்’ என்று சொன்னால் பாட்டிக்கு எதுவும் விளங்காது. ‘பாட்டி, இன்னும் அரை மணி நேரத்துல பலத்த காத்து வருது, சன்னல் பக்கம் உக்காராதீங்க, உள் ரூமுக்கு வந்துருங்க’ என்று சொன்னால் அதுதான் எச்சரிக்கை. நல்ல எச்சரிக்கையில் நான்கு கூறுகள் இருத்தல் வேண்டும்: என்ன வருகிறது, எங்கு வருகிறது, எப்போது வருகிறது, என்ன செய்ய வேண்டும். இந்நான்கில் முதலாவது கூறுக்குத் துல்லியமான சொல் தேவை. அதைத் தருவது மொழியறிந்தவர்களின் பொறுப்பு.

எனவே, புயல், சுழற்காற்று, நீர்த்தூண், சூறைக்காற்று என்னும் நான்கையும் தனித்தனியே பயன்படுத்தும் வழக்கத்தை நம் எழுத்திலும் பேச்சிலும் தொடங்குவோம். இவற்றைவிடச் சிறந்த சொற்கள் இருப்பின் அவற்றை முன்வைத்து வாதிடுவோம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சிகளிலும், நம் கழகத்தின் மொழி விளையாட்டுகளிலும் இச்சொற்களைச் சேர்க்கலாம். எந்தச் சொல் நிலைக்கும் என்பதைக் காலம் முடிவு செய்யட்டும். ஆனால் பெரியதையும் சிறியதையும், நீரால் கொல்வதையும் காற்றால் கொல்வதையும் ஒரே பெயரில் அடைத்துவைக்கும் சோம்பலுக்கு முற்றுப்புள்ளி வைப்பது நம் கையில் உள்ளது.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நாம் அறிந்த மூதுரை. காற்றுக்கு அணை கோல இயலாது. ஆயினும் மூன்று வகையில் அதை எதிர்கொள்ளலாம். உறுதியான கூரை முதல் அரண். நேரத்தோடு வரும் அறிவிப்பு இரண்டாம் அரண். அந்த அறிவிப்பைக் கேட்டவுடன் புரியவைக்கும் சொல் மூன்றாம் அரண். சத்தூரியாவில் மூன்றும் இல்லை. 1925இல் அமெரிக்காவில் சொல்லே தடைசெய்யப்பட்டிருந்தது. ஜோப்ளினில் அறிவிப்பு இருந்தும் பலரின் மனத்தில் அது பொருளாக மாறவில்லை. கூரையை நாளையே மாற்றும் வசதி நம் எல்லாருக்கும் இல்லை. ஆனால் சொல்லைச் சரியாகச் சொல்வதற்குச் செல்வம் தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.

காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்ட மொழி நம்முடையது. அதன் வலிமைவாரியாகவும் பெயரிட்டு, அப்பெயரை நம் வீட்டு மூத்தோரின் காதுவரை கொண்டு சேர்ப்போமாக.